மதுரையில் கையில் ஒரு நாள் மிஞ்சினால்: கீழக்குயில்குடியா, கீழடியா, அரிட்டாபட்டியா?

மதுரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் முதல் நாளிலேயே பார்த்து முடித்துவிடுகிறார்கள். இரண்டாம் நாளுக்குத் திருப்பரங்குன்றம், அழகர்கோவில் என்று ஒரு பட்டியல் எல்லோரிடமும் உண்டு. அந்தப் பட்டியலை முன்பே முடித்தவர்களும், கூட்டமே வேண்டாம் என்பவர்களும் "பக்கத்தில் நல்ல கிராமம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால், உள்ளூர்க்காரர்கள் வாயில் இப்போது வரும் பெயர்கள் மூன்று: மேற்கே கீழக்குயில்குடி, தென்கிழக்கே கீழடி, வடகிழக்கே மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. மூன்றும் நகரத்திலிருந்து மூன்று திசைகளில் இருப்பதால் ஒரே நாளில் மூன்றையும் சுற்றிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சாலையைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாறையேறும் அளவுக்குக் கால் வலுவும், ஒரு காலை முழுவதையும் ஓரூரில் கழிக்கும் பொறுமையும் உள்ளவர்களுக்கு அரிட்டாபட்டியைத்தான் சொல்வேன். அதுவும் அந்த ஊர்க்காரர் ஒருவர் உடன் வருவதாக இருந்தால் மட்டும். அந்த ஏற்பாட்டைச் செய்ய முடியாதவர்களும், முதியவர்களையோ சிறு குழந்தைகளையோ அழைத்துச் செல்கிறவர்களும் மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே சரி.

கீழக்குயில்குடி மூன்றிலும் எளிதானது. தேனிச் சாலையில் நாகமலை புதுக்கோட்டையை அடைந்து உள்ளே திரும்பினால் சமணர்மலையின் அடிவாரம் வந்துவிடும். நகரத்தின் நடுவிலிருந்து கணக்கிட்டாலும் 15 கி.மீ.க்குள்தான். அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில் மூன்றும் ஒரே இடத்தில் அமைந்திருப்பதால், மலையேற முடியாத பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் மேலே போய் வரலாம். மலையின் தென்மேற்குப் பக்கம் இருக்கும் செட்டிப்புடவுக்கு அதிகம் ஏற வேண்டியதில்லை. முக்குடையின் (மூன்றடுக்குக் குடையின்) கீழ் அமர்ந்த பெரிய மகாவீரர் உருவம் குகைக்கு வெளியே பாறை முகத்தில் இருக்கிறது. காது நீண்ட அந்த உருவத்தைச் செட்டியார் என்றே ஊர் அழைத்துவந்திருக்கிறது. வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல் குனிந்து குகைக்குள் போக வேண்டும். மேல் விதானத்தை ஒட்டிய சிற்ப வரிசையின் தொடக்கத்தில், சிங்கத்தின் மேல் அமர்ந்து, யானையின் மேல் வரும் எதிரியோடு போர் செய்யும் இயக்கியின் (சமணப் பெண் காவல் தெய்வத்தின்) உருவம் இருக்கிறது. அமைதியே வடிவான தீர்த்தங்கரர்களுக்கு (சமண சமயத்தின் அருளாசான்களுக்கு) அருகில் இப்படியொரு போர்க்காட்சியைச் செதுக்கியவன் எவனோ, அவன் கை தேர்ந்த கை.

மலையின் மேலே பேச்சிப்பள்ளத்துக்குப் படிகளும் கைப்பிடிக் கம்பியும் உள்ளன. வற்றாத சுனை ஒன்றும், அதற்கு மேலே பாறையில் வரிசையாகச் செதுக்கிய பார்சுவநாதர், பாகுபலி, மகாவீரர் உருவங்களும், அவற்றின் அடியில் யார் யார் செய்வித்தார்கள் என்று பழைய தமிழ் எழுத்துமுறையில் கூறும் வட்டெழுத்துகளும் அங்கே இருக்கின்றன. அந்த எழுத்துகளில் ஒன்று, அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியைக் குறிப்பிடுகிறது. இந்த அச்சணந்தியை நாம் அரிட்டாபட்டியிலும் சந்திக்கப் போகிறோம். இன்னும் மேலே ஏறினால் 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்தைச் சேர்ந்த மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் எஞ்சியிருக்கிறது.

இத்தனை இருந்தும் கீழக்குயில்குடியை முதலிடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சனி, ஞாயிறுகளில் மாலையில் அங்கே போனால், சுனைக்கும் சிற்பத்துக்கும் நடுவே தின்பண்டப் பைகளும், பாறையில் பெயிண்டால் எழுதிய காதலர் பெயர்களும் கண்ணில் படாமல் இருக்காது. ஊரும் மலையும் அருகருகே இருக்கின்றன என்றாலும், வருகிறவர்கள் மலையை மட்டும் பார்த்துவிட்டு ஊரைத் தொடாமலே திரும்பிவிடுகிறார்கள். காலை ஆறரைக்கு அடிவாரத்தில் இருந்தால் இந்தக் குறைகளில் பாதி தெரியாது.

கீழடியின் கணக்கே வேறு. நிர்வாகப்படி அது சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்தைச் சேர்ந்தது என்றாலும் மதுரையிலிருந்து இராமேசுவரம் சாலையில் சிலைமானைத் தாண்டிய சற்று நேரத்தில் போய்விடலாம். 2014-15-இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வைப் பின்னர் தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்தது, கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்லும் காலக்கணிப்பை 2019-இல் மாநிலத் துறை வெளியிட்ட பிறகுதான் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த இந்தச் சிற்றூர் உலகத்தின் கண்ணில் பட்டது. 2023 மார்ச் 5-ஆம் நாள் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளின் பாணியில், முற்றமும் தூண்களும் ஓட்டுக்கூரையுமாக அமைந்த அந்தக் கட்டடமே பார்க்கத் தக்கது. ஆதன், குவிரன் என்று சாதாரண மனிதர்கள் தங்கள் பானையில் கீறி வைத்த பெயர்கள், தாயக்கட்டை, சுடுமண் ஆட்டக்காய்கள், தங்க அணிகலன்கள் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில், விளக்கத்தோடு, வியர்க்காமல் பார்க்கலாம். சக்கர நாற்காலியில் வருகிறவரையும், பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல மூன்று ஊர்களில் இதற்கு ஈடு இல்லை.

ஆனால் அகழாய்வுக் குழிகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு போகிறவர்கள் ஒன்றை அறிந்துகொண்டு போக வேண்டும். தோண்டிப் பதிவு செய்து முடித்த குழிகளைப் பாதுகாப்புக்காக மீண்டும் மண்ணிட்டு மூடுவது அகழாய்வின் வழக்கம். எனவே செங்கல் கட்டுமானத்தையும் உறைகிணற்றையும் படத்தில் பார்த்தபடியே நேரில் எப்போதும் பார்த்துவிடலாம் என்று எதிர்பார்க்கக் கூடாது. மேலும் கீழடியில் நாம் பார்ப்பது ஏறத்தாழ முழுவதும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வெளியே வந்தால், இன்றைய கீழடி எப்படி வாழ்கிறது என்பதைப் பற்றி நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. அது அருங்காட்சியகத்தின் குற்றமில்லை. கிராமத்தைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போவதில்தான் பிழை.

அரிட்டாபட்டிக்கு வருவோம். மேலூர் நெடுஞ்சாலையில் மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை, யானைமலை ஆகியவற்றைத் தாண்டி உள்ளே பிரிந்து செல்லும் சாலையில் போக வேண்டும். மொத்தம் 25 கி.மீ. அளவு வரும். நெருங்கும்போதே தெரியும்: வயலுக்கும் கண்மாய்க்கும் நடுவே, மரமில்லாத மொட்டைப் பாறைகளாக ஏழு குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு கிடக்கும். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியிலும் அதை அடுத்த மீனாட்சிபுரத்திலுமாகச் சுமார் 193 ஹெக்டேர் பரப்பை மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள், ஏறத்தாழ 250 பறவை இனங்கள் என்று அரசு அறிவிப்பு கணக்குச் சொல்லியது. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்ற மூன்று வேட்டைப் பறவைகள் இந்தப் பாறை முகடுகளில் வாழ்வதும், அழுங்கு (எறும்புதின்னி), தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவை இங்கே இருப்பதும் அந்த அறிவிப்புக்குக் காரணமாயின.

எண்களைவிட அவற்றுக்கு இடையிலுள்ள தொடர்பு முக்கியமானது. மொட்டைப் பாறையில் விழும் மழை நிலத்தில் ஊறாமல் வழிந்தோடும். அந்த ஓட்டத்தைச் சுனைகள் முதலில் பிடிக்கின்றன, மிஞ்சியது ஓடைகளாகிக் கண்மாய்களுக்குப் போகிறது, ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு என்ற உபரிநீர்ப் போக்கி வழியே அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது. மேலூர் வட்டாரத்தின் பெரும்பகுதி பெரியாறு பாசனத்தில் ஒருபோகம் மட்டுமே கிடைக்கும் பகுதி. மலையிலிருந்து வரும் தண்ணீர் இல்லாமல் இந்த ஊர்களின் ஆடுமாடுகளும் கிணறுகளும் கோடையைத் தாண்டுவது கடினம். ஊரில் ஒருவரோடு நடந்தால், அவர் முதலில் காட்டுவது சிற்பத்தையோ கல்வெட்டையோ இல்லை, தண்ணீரைத்தான்: இந்தச் சுனை சித்திரையிலும் வற்றாது, இந்தப் பள்ளத்தில் ஆடு குடிக்கும், இந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்ற வரிசையில் அவர் பேச்சு போகும்.

பிறகு குடைவரைக் கோயில். குன்றின் சரிவில் பாறையைக் குடைந்து பாண்டியர் காலத்தில், ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டில் அமைத்த சிறிய சிவன் கோயில் அது. கருவறையில் உள்ள லிங்கமும் தாய்ப்பாறையிலேயே செதுக்கியது. முகப்பில் ஒரு பக்கம் விநாயகர் இருக்கிறார். மறுபக்கம் தண்டத்தோடு அமர்ந்திருப்பவர் இலகுலீசர். சைவப் பிரிவுகளில் ஒன்றான பாசுபத நெறியின் ஆசானாகிய இலகுலீசரின் சிற்பம் தமிழ்நாட்டில் அரிதாகவே காணப்படுவது. அதைத் தனியே தேடிவரும் கலை வரலாற்று மாணவர்கள் உண்டு. விவரம் அறியாதவர்கள் துவாரபாலகர் என்று எண்ணிக் கடந்துபோய்விடுவார்கள். செருப்பைக் கீழேயே கழற்றிவிட வேண்டியிருப்பதால், பத்து மணிக்கு மேல் போகிறவர்கள் சிற்பத்தைப் பார்ப்பதைவிடக் காலைத் தூக்கித் தூக்கி வைப்பதிலேயே கவனமாக இருப்பார்கள்.

இந்தக் குன்றுகளில் ஒன்றான கழிஞ்சமலையின் குகை மற்றொரு பக்கம் இருக்கிறது. பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஊர் சொல்லும் இடத்தில் சமணத் துறவியரின் கற்படுக்கைகள் உள்ளன. குகை வாயிலின் மேல் விளிம்பில், மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையைக் கிடைமட்டமாக வெட்டிய காடி ஒன்று இருப்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த ஏற்பாடு அடைமழை நாளில் இன்றும் வேலை செய்கிறது. அதன் அருகில் பழந்தமிழ் எழுத்தான தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகளில், இந்தக் குகையைக் கொடுத்தவனாக நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் என்பவன் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் கண்டறியப்பட்ட இன்னொரு கல்வெட்டு இலஞ்சி வேள் ஒருவனின் மகன் கொடுத்ததைக் கூறுகிறது. இவை தென்பாண்டி நாட்டு நெல்வேலியும் இலஞ்சியும் என்று கொண்டால், இவ்வளவு தொலைவிலிருந்து இந்தப் பாறைக்கு ஏன் கொடை வந்தது என்ற கேள்வி எழுகிறது. மதுரையிலிருந்து வடக்கே செல்லும் பெருவழிகளை ஒட்டியே சமணக் குன்றுகள் பல அமைந்திருப்பது அதற்கு ஓரளவு விடை தரும்.

எழுத்துகள் ஆழமாக வெட்டப்பட்டவை அல்ல. சாய்ந்த வெயில் படும் நேரத்தில்தான் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் பாறையின் கீறலும் எழுத்தும் ஒன்றாகிவிடும். சாக்பீஸால் எழுத்தின் மேல் தீட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதைச் செய்யக் கூடாது. அதே மலையில் 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தீர்த்தங்கரர் உருவம் ஒன்று பாறை முகத்தில் இருக்கிறது. அதைச் செய்வித்தவர் அச்சணந்தி என்று வட்டெழுத்து கூறுகிறது. தாயின் பெயர் கீழக்குயில்குடியில், மகனின் பெயர் இங்கே. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளைத் தனித்தனிச் சுற்றுலா இடங்களாகப் பார்க்காமல், ஒரே சமூகம் நடந்து பழகிய வழித்தடமாகப் பார்க்க இந்த ஒரு செய்தி போதும்.

இவ்வளவும் கல்லைப் பற்றியது. அரிட்டாபட்டியை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்துக் காட்டுவது அண்மைய வரலாறு. மேலூர் வட்டாரம் கிரானைட் குவாரிகளால் எவ்வளவு இழந்திருக்கிறது என்பதைக் கீழவளவுப் பக்கம் போனவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில், அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிச் சுமார் 20 சதுர கி.மீ. பரப்புக்கான சுரங்க ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் வென்றதாக மத்திய அரசு அறிவித்தது. அதன் பிறகு நடந்தது தமிழ்நாடே அறிந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ஆம் நாள் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7-ஆம் நாள் மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரை தல்லாகுளத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். ஜனவரி 23-ஆம் நாள் மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது. இரண்டரை மாதங்களில் முடிந்த இந்தப் போராட்டத்தில் கலந்துகொண்டவர்கள்தாம் இன்று நமக்கு வழிகாட்ட வருகிறவர்கள். அவர்களிடம் அதைக் கேட்காமல் இலகுலீசரை மட்டும் பார்த்துவிட்டு வருவது பாதிப் பயணம்தான்.

மூன்றையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும்போது, பலரும் பார்க்கும் அளவுகோல் "எங்கே அதிகம் பார்க்க இருக்கிறது?" என்பது. அந்த அளவுகோலில் மூன்றும் ஏறத்தாழ சமமாகவே நிற்கும், எதையும் முடிவு செய்ய உதவாது. "பார்ப்பதை நமக்கு யார் விளக்குவார்கள்?" என்பதே என் அளவுகோல். கீழடியில் பலகையும் காணொளியும் விளக்குகின்றன. துணைக்கு ஆள் தேவையில்லை. கீழக்குயில்குடியில் தொல்லியல் துறையின் பலகையும், முன்கூட்டிப் படித்துவிட்டுப் போகும் நம் அறிவும் விளக்க வேண்டும். மதுரையில் 2010 முதல் இயங்கிவரும் பசுமை நடை குழுவின் நடைகளில் ஒன்று நாம் வரும் நாளில் அமைந்தால் அது நல்வாய்ப்பு. அரிட்டாபட்டியில் ஊர்தான் விளக்க வேண்டும். ஆள் இல்லாமல் போனால் குகையைக் கண்டுபிடிப்பதற்கே வெயில் ஏறிவிடும். கண்டுபிடித்தாலும் அது வெறும் பாறையாகத் தெரியும். ஆள் இருந்தால் மற்ற இரண்டும் தர முடியாததை அது தருகிறது.

அப்படி வருகிறவருக்குக் கூலி கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். முதலில் "எதுக்குங்க, வேண்டாம்" என்பார். ஒரு காலை நேர வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதை நாம் நினைத்துப் பார்த்துக் கையில் வைத்துவிட வேண்டும். கீழடியில் நாம் செலவிடும் பணம் நுழைவுக் கட்டணமாகப் போகிறது. கீழக்குயில்குடியில் செலவே இல்லை. சுற்றுலாவால் ஓரூருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு, சிறிய அளவிலாவது நேரடியாகப் பதில் சொல்லும் வாய்ப்பு அரிட்டாபட்டியில் இருக்கிறது.

ஓர் எதிர்வாதத்தையும் கருத வேண்டும். இந்த ஊரைப் பற்றி இப்படி எழுதி எழுதியே கூட்டத்தைக் கூட்டிவிட்டால், கீழக்குயில்குடியின் குப்பை இங்கேயும் வராதா? வரும். பல்லுயிர் மரபுத் தலம் என்ற அறிவிப்பு ஊராரின் வழக்கமான மேய்ச்சலையும் வழிபாட்டையும் தடுப்பதில்லை. அதுபோலவே வெளியூர்க் கூட்டத்தையும் அது தானாகத் தடுத்துவிடாது. அதனால்தான் பேருந்து வைத்துப் பெருங்கூட்டமாக வர நினைக்கிற சங்கங்களுக்கும் அலுவலகக் குழுக்களுக்கும் நான் கீழடியையே சொல்வது. ஐம்பது பேரைத் தாங்கக் கட்டிய இடம் அது. அரிட்டாபட்டிக்கு நான்கைந்து பேர் போதும். டிரோன் பறக்கவிடுவது முகட்டில் கூடு வைத்திருக்கும் வல்லூறுகளைக் கலைத்துவிடும். சுனையில் சோப்புப் போட்டுக் குளிப்பதை ஊரே பார்த்துக்கொண்டு இருக்காது.

காலத்தைப் பொறுத்தவரை, நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலை ஊர்கள் இரண்டுக்கும் ஏற்றது. கண்மாய்கள் நிறைந்திருக்கும், வலசைப் பறவைகளும் வந்திருக்கும். பறவைகளுக்காக வருகிறவர்கள் விடிகாலையில் கண்மாய்க் கரையில் தொடங்கி, பாறை சூடேறி வெப்பக்காற்று மேலெழும் எட்டு, ஒன்பது மணியளவில் குன்றின் பக்கம் திரும்ப வேண்டும். கழுகுகள் வட்டமிடத் தொடங்குவது அப்போதுதான். பங்குனி, சித்திரையில் இந்தப் பாறைகள் மாலை ஆறு மணிக்கும் தணல் போல் இருக்கும், அப்போது கீழடியின் கூரைக்குக் கீழே போய்விடுவதே விவேகம்.

அரிட்டாபட்டிக்கு நகரப் பேருந்து உண்டு என்றாலும் நாளில் சில முறைதான். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இல்லாதவர்கள் மேலூர் வரை போய் அங்கிருந்து ஆட்டோ பேசிக்கொள்வது வசதி. சாப்பாட்டை உள்ளூரில் எதிர்பார்க்காமல் கையில் கொண்டுபோக வேண்டும், இலையையும் பையையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். பதினொரு மணிக்குள் மலையை முடித்துவிட்டால், திரும்பும் வழியில் யானைமலை அடிவாரத்து நரசிங்கம் குடைவரைக் கோயிலைப் பார்க்க நேரம் இருக்கும். நடை சாத்தும் நேரத்தை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். கி.பி. 770-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டோடு கூடிய கோயில் அது. கூடுதல் வலு உள்ளவர்கள் அதற்குப் பதிலாக மீனாட்சிபுரத்து ஓவாமலைக்கு ஏறலாம். 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்த, பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் உள்ள மாங்குளம் கல்வெட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் ஏற்றம் செங்குத்தானது, நிழலும் குறைவு.

முந்தைய இரவு நல்ல மழை பெய்திருந்தால் அரிட்டாபட்டித் திட்டத்தைத் தயங்காமல் ஒத்திவைத்துவிடுங்கள். பாசி பிடித்த பாறைச் சரிவு வழுக்கும். உடன் வருவதாகச் சொன்னவரே காலையில் தொலைபேசியில் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அன்றைக்குக் கீழடிதான். போகும் முன் அருங்காட்சியகத்தின் வார விடுமுறை நாள் எது என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.